மனு எழுதும் கைக்கு என்ன கூலி?

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய மன்றத்தில் பாராலீகல் வேலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு நடந்ததை நம் வாயால் சொல்வதில் தொடங்கியதுதான் தலித் இலக்கியம். காவல் நிலையத்தில் கொடுக்கிற புகாரும் நமக்கு நடந்ததை நாமே சொல்லும் எழுத்துதான். அதற்கு விருது கிடையாது. ஆனால் அது சரியாக எழுதப்பட்டதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை இருக்கிறது. அந்த எழுத்தை எழுதித் தருகிறவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள்: “அக்கா, இதையே வேலையா எடுத்துக்கலாமா? வீட்ல கேட்டா என்ன சொல்றது?” நியாயமான கேள்வி. ‘சமூகத்துக்காகச் செய்’ என்று சொல்லி அதை நாம் தட்டிக் கழிக்கக் கூடாது.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதையும், வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்ததையும் மேடைதோறும் சொல்கிறோம். இடையில் தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில் அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்ததை அதிகம் பேசுவதில்லை. கூண்டில் நிற்பவரின் பேச்சை நீதிபதிக்கும், நீதிபதியின் பேச்சைக் கூண்டில் நிற்பவருக்கும் கொண்டுபோகிற வேலை அது. சம்பள வேலை. ஊர் திரும்பியபின் சென்னைச் சட்டசபையில் உறுப்பினரானார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் அங்கே கொண்டுவந்து நிறைவேற்றினார். நூறாண்டு ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அரசிதழில் ஏறிய சொல் சேரித் தெருவரை தானாக நடந்து வருவதில்லை. யாராவது சுமந்துகொண்டு வர வேண்டும்.

அப்படிச் சுமக்கிறவர்தான் பாராலீகல். வழக்கறிஞர் பட்டம் இல்லை. ஆனால் சட்டம் தெரியும். பாதிக்கப்பட்டவரோடு காவல் நிலையம், அரசு மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகம், சிறப்பு நீதிமன்றம் என்று கூடவே போகிறவர்.

வேலை என்ன?

புகார் எழுதுவதையே எடுத்துக்கொள்வோம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அது ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்’ நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் நடந்தது இதில் வராது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே எந்த இடத்தில் நின்று திட்டினார், அப்போது யார் யார் இருந்தார்கள், வாயிலிருந்து வந்த சொல் என்ன, மூன்றும் புகாரில் இருக்க வேண்டும். அந்தச் சொல்லைக் காவலர் முன்னால் திரும்பச் சொல்ல நம் பெண்களுக்கு நா எழாது. ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்று எழுத்தர் எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, “சாதிப் பெயர் சொன்னதாக முதல் தகவல் அறிக்கையிலேயே இல்லையே ஐயா” என்பார். அன்றைக்கு வழக்கு முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, “சொல்லும்மா, அவன் சொன்னதை அப்படியே சொல்லு, வெக்கப்பட வேண்டியது அவன்” என்று கேட்டு எழுதுகிற ஒருவர் இருந்தால் அந்த வழக்கு பிழைக்கும்.

அடுத்தது சி.எஸ்.ஆர். ரசீது. அதை வாங்கிக்கொண்டு “கேஸ் போட்டாச்சு” என்று நம்பி வீடு திரும்புகிற நம் மக்கள் எத்தனை பேர்! புகார் வந்தது என்பதற்கு மட்டும்தான் அந்தச் சீட்டு. வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தளர்த்தியபோது, ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகு வந்ததுதான் 18ஏ பிரிவு. புகாரைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை உடனே தர வேண்டும் என்பதும் சட்டம். வேண்டுமென்றே தவறும் அதிகாரிக்கு 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. இதைக் காவல் நிலைய மேசைக்கு முன்னால் நின்று, குரல் உயர்த்தாமல் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

பிறகு நாள் கணக்கு. ஏழு நாளில் நிவாரணம். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தகுதியில் இருக்க வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை. கூடியவரை அதிலிருந்து இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும். சாதி சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் நிவாரணம் உண்டு. வழக்குப் பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகையின்போது 50, தண்டனை கிடைத்தால் 25. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நடப்பில் சாதிச் சான்றிதழ் வரவில்லை என்று கோப்பு ஒரு மேசையில் தூங்கும். அதற்குள் எதிர்வழக்கு ஒன்று நம் பையன் மேல் வந்துவிடும். ஊரில் வேலை தர மாட்டார்கள். சாட்சி சொல்ல வந்தவர் கடன் பாக்கியை நினைத்துப் பின்வாங்குவார். எந்தத் தேதியில் எந்த மேசையில் என்ன தடைபட்டது என்று நோட்டில் எழுதி, அடுத்த மனுவில் அதைச் சுட்டிக் கேட்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனத்தின், சமூகப் பணியாளரின், வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம் என்று 15ஏ பிரிவின் 12ஆம் உட்பிரிவு சொல்கிறது. “நீ யார், வக்கீலா?” என்று கேட்கிறவருக்குப் பதில் அங்கே இருக்கிறது.

பழகியவரும் புதியவரும்

சமூகவியல் படித்தபோது மார்க் கேலன்டர் 1974இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தோம். நீதிமன்றத்துக்கு அடிக்கடி வருகிற தரப்பு, வாழ்நாளில் ஒரே முறை வருகிற தரப்பு என்று அவர் பிரித்தார். அடிக்கடி வருகிறவருக்கு நடைமுறை தெரியும், ஆள் தெரியும், இந்த வழக்கு போனாலும் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிதானம் உண்டு. வசதி படைத்தோர் பெரும்பாலும் ஜெயிப்பதற்கு இது ஒரு காரணம் என்றார். நம் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். காவல் நிலையம், வருவாய்த் துறை, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் பழகிய தரப்பு. அடிவாங்கி வந்து நிற்கிற நம் ஆள் புதியவர். பாராலீகல் ஒருவர் பத்தாண்டு நின்றால், அவரோடு வருகிற ஒவ்வொருவரும் பழகிய தரப்பாகிறார்கள்.

‘ஜெய் பீம்’ படம் பார்த்து நாம் எல்லோரும் வழக்கறிஞருக்குக் கைதட்டினோம், தட்ட வேண்டியதுதான். அதற்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டு ராசாக்கண்ணு வழக்கில், முதனை கிராமத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை அந்த அம்மா போய்ச் சேரக் கூடவே நின்றவர்கள் உள்ளூர்த் தோழர்கள். ஆட்கொணர்வு மனு அதற்குப் பிறகுதான்.

ஆக, இது பயனுள்ள வேலையா என்ற கேள்விக்கு எங்கள் பதில் ஐயமில்லாமல் ‘ஆம்’. பிழைப்புக்கு ஆகுமா என்ற கேள்விக்கு இன்றைய நிலையில் ‘இல்லை’. இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் இருப்பதைத்தான் பேச வேண்டும்.

சேவை என்ற சொல்

தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் தன்னார்வச் சட்டப் பணியாளர் திட்டத்தைக் கொண்டுவந்தது. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவு. அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று நினைத்தது நல்லதே. ஆனால் அந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது. வேலை தரப்படுகிற நாளுக்கு மட்டும் மதிப்பூதியம். வருமானத்தை எதிர்பார்க்காத சேவை மனம் வேண்டும் என்கிறார்கள்.

சேவை மனம் யாரிடம் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். பறை அடித்ததற்கும், பிணம் எரித்ததற்கும், செத்த மாடு தூக்கியதற்கும் கூலி பேசக் கூடாது, அது உன் கடமை என்று நம் முன்னோருக்குச் சொன்னார்கள். வெட்டி ஊழியம் என்று அதற்குப் பெயர். பேரப்பிள்ளை பட்டம் படித்து, சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து, இரவு பத்து மணிக்கு மருத்துவமனையில் காத்திருக்கிறாள். அவளிடமும் கூலி பேசாதே என்றால் என்ன அர்த்தம்?

கூலி இல்லாததால் வேலையும் கெடுகிறது. இரண்டு வருடம் கற்றுத் தேர்ந்தவர் மூன்றாம் வருடம் துணிக்கடைக்கோ கம்பெனிக்கோ போய்விடுகிறார். பெண்கள் திருமணத்தோடு நின்றுவிடுகிறார்கள். அனுபவம் அவர்களோடு போகிறது. நாம் மீண்டும் புதியவராகிறோம். அந்த இடத்துக்குத் தரகர் வருகிறார். நிவாரணத் தொகையில் பங்கு கேட்கிறவர், சமாதானம் பேசி இரண்டு பக்கமும் வாங்குகிறவர். அவர் நம் தெருக்காரராக இருந்தாலும் தரகர்தான்.

‘சட்டக் கல்லூரிக்கே போகலாமே’ என்கிறார்கள். போக வேண்டும். பட்டியல் சாதியினரிடம் வழக்கறிஞர் பதிவுக் கட்டணமாக 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கதவு திறந்தது. இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. வழக்கறிஞருக்கு முன்னால் ஓடுகிறவருக்கு யார் சொல்வது? நூறு வழக்கறிஞர்கள் வந்தாலும், சம்பவம் நடந்த இரவில் ஊரில் இருக்கிற ஆள் தேவை. பாராலீகல் வேலையை வழக்கறிஞராகும்வரை காத்திருக்கும் திண்ணையாகப் பார்க்க வேண்டாம். அது தனித் திறமை.

பிற நாடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் காலத்து ஆலோசனை மையங்களில் கறுப்பின மக்களுக்காக மனு எழுதியவர்களிலிருந்துதான் பாராலீகல் மரபு வளர்ந்தது. சியரா லியோன் 2012இல் சட்ட உதவிச் சட்டம் இயற்றிப் பாராலீகல்களுக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. ஏழை நாடு அது.

நாம் கேட்பது

வன்கொடுமை வழக்குகளுக்கான ஒவ்வொரு சிறப்பு நீதிமன்றத்தோடும் மாதச் சம்பளப் பாராலீகல் பணியிடங்கள் வேண்டும். சம்பளம் இளம் வழக்கறிஞருக்குச் சொன்ன தொகைக்குக் குறையக் கூடாது. பயணப்படி வேண்டும். மிரட்டல் வந்தால் பாதுகாப்பு வேண்டும். பணியிடங்களில் பாதியாவது பெண்களுக்கு வேண்டும். அரசு தரும்வரை நம் இயக்கங்களும் சங்கங்களும் சும்மா இருக்கலாகாது. சிலைக்கும் விழாவுக்கும் வசூலிக்கத் தெரிந்த நமக்கு, வட்டத்துக்கு ஒரு பாராலீகலுக்குச் சம்பளம் சேர்க்கவும் முடியும்.

பின்வரிசைப் பிள்ளைகளுக்கு: வாருங்கள். படிப்பை விடாதீர்கள். தனியாகக் காவல் நிலையம் போகாதீர்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வையுங்கள். நிவாரணப் பணத்தில் டீ கூடக் குடிக்காதீர்கள். வீட்டில் கேட்டால், சட்ட வேலை பார்க்கிறேன் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். எங்கள் அமைப்பு உட்பட யார் உங்களை வேலைக்கு அழைத்தாலும், முதல் நாளே சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள்.