ஷேர்லி டெம்பிள்: கைதட்டலுக்குப் பின் ஒரு வாழ்வு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த தோழியர் நால்வர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



ஒரு பழைய மாணவியின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். நாங்கள் தெரிவுசெய்தவர் நம் கல்லூரியின் பழைய மாணவி அல்லர். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், வெஸ்ட்லேக் என்ற பெண்கள் பாடசாலையில் படித்தவர். அவருடைய பெயர் ஷேர்லி டெம்பிள். நம் அம்மாமாருக்கும் பாட்டிமாருக்கும் தெரிந்த பெயர். இந்த மேடையில் அவரைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதுவரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.

ஷேர்லி 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி கலிபோர்னியாவில் பிறந்தார். தகப்பனார் வங்கியில் வேலை பார்த்தவர். மகளுக்கு மூன்று வயதானபோது தாயார் நடன வகுப்பில் சேர்த்தார். அங்கிருந்துதான் படத்துக்கு ஆள் எடுத்தார்கள். முதலில் கிடைத்தவை சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பெரியவர்கள் போல உடுத்தி நடிக்கவைத்த குறும்படங்கள். படப்பிடிப்பில் குழப்படி செய்கிற பிள்ளையை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் விட்டு, பனிக்கட்டியின்மேல் இருக்க வைத்தார்களாம். வளர்ந்து பெரியவரான பின் தமது வாழ்க்கை வரலாற்றில் ஷேர்லியே இதை எழுதியிருக்கிறார்.

1934ஆம் ஆண்டில் அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது. அது பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். தொழில் இழந்த தகப்பன்மாரும் கவலை பிடித்த தாய்மாரும் சில சதங்கள் கொடுத்துக் கொட்டகைக்குள் போய், அந்தச் சுருட்டைத் தலைப் பிள்ளை பாடி ஆடிச் சிரிப்பதைப் பார்த்து, மனம் ஆறி வீட்டுக்குத் திரும்பினார்கள். தாயார் ஒவ்வொரு நாளும் மகளின் தலையில் 56 சுருள்களை எண்ணிச் சுற்றிவிடுவாராம். 1935இல், ஆறு வயதில், ஷேர்லிக்குச் சிறுவர்களுக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது. 1935 முதல் 1938 வரை, நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக, அமெரிக்காவில் அதிக வசூல் ஈட்டிய நடிகர் வரிசையில் முதலிடம் அவருக்கே. பெரிய பெரிய நடிகர்களெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பின்னால்தான் நின்றார்கள்.

அந்தப் பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1935இல் வந்த ‘தி லிற்றில் கேர்னல்’ என்ற படத்தில், கறுப்பினக் கலைஞரான பில் ரொபின்சனோடு சேர்ந்து மாடிப்படியில் ஏறி இறங்கி நடனமாடினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வாங்கில் இருக்கமுடியாத ஊர்கள் அந்நாட்டில் இருந்த காலம் அது. ஹொலிவூட் படத்தில் இரு இனத்தவர் சோடியாக ஆடிய முதல் நடனம் என்று அதைச் சொல்வார்கள். ரொபின்சனை ஷேர்லி ‘பில்லி மாமா’ என்றே அழைத்தார்.

நம் தமிழ்ப் படவுலகிலும் அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை புகழ்பெற்றிருந்தார். கே. சுப்பிரமணியம் 1937இல் எடுத்த ‘பாலயோகினி’யிலும் 1939இல் எடுத்த ‘தியாகபூமி’யிலும் நடித்த பேபி சரோஜா அவர். ‘இந்தியாவின் ஷேர்லி டெம்பிள்’ என்றுதான் அவரைச் சொன்னார்கள். சரோஜா என்ற பெயரைத் தம் பெண்பிள்ளைகளுக்கு ஆசையோடு வைத்த பெற்றோர் பலர்.

இவ்வளவும் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நின்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தாயார் ஒருநாள் அவரைக் கடையொன்றில் இருந்த நத்தார் தாத்தாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த நத்தார் தாத்தா பிள்ளையிடம் கையொப்பம் கேட்டார். அன்றோடு நத்தார் தாத்தாவில் தமக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது என்று ஷேர்லி பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிரிப்பு வருகிறதுதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் நத்தார் தாத்தாவிடம் எதையாவது கேட்கப் போவார்கள். இந்தப் பிள்ளையிடம் அவரே கேட்டுவிட்டார்.

அடுத்தது வயது. பிள்ளை இன்னும் சின்னவள் என்று காட்டுவதற்காக ஒரு வயதைக் குறைத்துச் சொல்லி வைத்திருந்தார்கள். பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று எண்ணியிருந்த நாளில்தான் தமக்குப் பதின்மூன்று வயது என்பது ஷேர்லிக்குத் தெரியவந்தது. வளர்வதே பெரிய குற்றம் என்பதுபோல ஒரு தொழில்!

மூன்றாவது பணம். நடித்த காலத்தில் அவர் உழைத்த தொகை 32 இலட்சம் டொலருக்கும் மேல். இருபத்திரண்டு வயதளவில் கணக்கைப் பார்த்தபோது கையில் மிஞ்சியிருந்த காசு ஏறத்தாழ 44,000 டொலர். மிகுதி குடும்பச் செலவிலும் தகப்பனாரின் கையாளுகையிலும் கரைந்திருந்தது. அவருக்கு முன்னரே ஜக்கி கூகன் என்ற பையனுக்கும் இதே கதி. 1921இல் சார்ளி சப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்து உலகையே அழவைத்த பையன் அவர். வளர்ந்தபின் தான் உழைத்த பணத்துக்காகத் தாயார்மீதும் சிறிய தகப்பனார்மீதும் 1938இல் வழக்குப் போட வேண்டி வந்தது. கலிபோர்னியாவில் பிள்ளை நடிகர்களின் உழைப்பைக் காக்க 1939இல் வந்த சட்டம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. அந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. பிள்ளை உழைத்த பணம் பிள்ளைக்கே உரியது, அதில் 15 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் ஒதுக்கி வைக்கவே வேண்டும் என்று அது 2000ஆம் ஆண்டில்தான் இறுக்கப்பட்டது.

இனிக் கதையின் திருப்பத்துக்கு வருவோம். 1940இல் வந்த ‘தி புளூ பேர்ட்’ என்ற படம் ஓடவில்லை. படக்கம்பனியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்தது. பன்னிரண்டு வயதுக்குள் உலகப் புகழையும் கண்டு, அந்தப் புகழ் இறங்குவதையும் கண்டாயிற்று. அதுவரை ஸ்டூடியோவிலேயே தனி ஆசிரியையிடம் படித்த பிள்ளையைப் பெற்றோர் வெஸ்ட்லேக் பெண்கள் பாடசாலையில் சேர்த்தார்கள்.

சகோதரிகளே, எங்களுக்கு இந்த இடம்தான் மிக முக்கியம். பாடசாலை என்றால் என்ன? அங்கே இடாப்பில் உம் பெயர் அகர வரிசையில் எங்கே வருமோ அங்கேதான் வரும். கணக்குப் பிழைத்தால் பிழைதான். முதல்நாள் மேடையில் பரிசு வாங்கியவளும் மறுநாள் வகுப்பறை கூட்ட வேண்டும். ‘நீ யார்’ என்று கேட்காமல் ‘வீட்டுவேலை செய்தனீயா’ என்று கேட்கிற இடம் பாடசாலை. எல்லோரும் பார்த்துக்கொண்டேயிருந்த ஒரு பிள்ளைக்கு, பலருள் ஒருத்தியாய் இருந்து பழக ஐந்து வருடங்கள் கிடைத்தன. 1945இல் அவர் அங்கே படிப்பை முடித்தார்.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பதினேழு வயதில் முடித்த முதல் திருமணம் முறிந்தது. கையில் பெண்குழந்தை. வளர்ந்த ஷேர்லியைப் பார்க்கச் சனம் முன்போல் வரவில்லை. இருபத்திரண்டு வயதில், 1950இல், படங்களிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு, சார்ள்ஸ் பிளாக் என்பவரை மணந்து ஷேர்லி டெம்பிள் பிளாக் ஆனார். பிற்பாடு தொலைக்காட்சியில் சிறுவர் கதைகளைத் தொகுத்து வழங்கினார். 1967இல் அமெரிக்கக் கொங்கிரசுக்குப் போட்டியிட முனைந்து தோற்றார். நடிகைக்கு அரசியல் எதற்கு என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. 1969இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு அமெரிக்கப் பிரதிநிதிகளுள் ஒருவராகப் போனார். 1974 முதல் 1976 வரை கானா நாட்டில் தூதுவர். பின்னர் அமெரிக்க அரசின் மரபுச்சீர்முறைத் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1989 முதல் 1992 வரை செக்கோஸ்லோவாக்கியாவில் தூதுவர்.

இந்தக் கடைசிப் பதவிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அவருடைய தமையன் ஒருவருக்குப் பல்திசு வன்மை என்ற நரம்பு நோய் இருந்தது. அந்த நோயாளருக்கான சங்கங்களின் வேலையாக 1968 ஓகஸ்டில் அவர் பிராக் நகரத்துக்குப் போயிருந்தார். அப்போதுதான் சோவியத் தாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. ஹோட்டலில் அகப்பட்டுக்கொண்டு, மற்ற வெளிநாட்டவர்களோடு வாகனத் தொடரில் எல்லையைக் கடந்து தப்பினார். இருபத்தொரு வருடங்கள் கழித்து அதே நகரத்துக்குத் தூதுவராக வந்தார். அவர் வந்த சில மாதங்களில், இரத்தம் சிந்தாமல் மக்கள் அங்கே ஆட்சியை மாற்றினார்கள். தாங்கிகள் நுழைந்த தெருக்களை நாமும் கண்டவர்கள். அந்த இரண்டு நாட்களுக்கும் இடையிலுள்ள தூரம் நமக்கு விளங்கும்.

இன்னொன்றையும் பெண்கள் கூடியிருக்கும் இந்தச் சபையில் சொல்ல வேண்டும். 1972இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொல்லப் பெண்கள் கூச்சப்பட்ட காலம். சத்திரசிகிச்சை முடிந்ததும் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். பயத்தால் வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள், வைத்தியரிடம் போங்கள் என்பதே அவர் மற்றப் பெண்களுக்குக் கொடுத்த செய்தி. சிறுவயதில் தாம் கேளாமலே கிடைத்த புகழை, நாற்பத்துநான்கு வயதில் தாமே தெரிந்து ஒரு நல்ல காரியத்துக்குச் செலவழித்தார். 2014 பெப்ரவரி 10ஆந் திகதி, தமது 85ஆவது வயதில், அவர் காலமானார்.

இனி, இதை ஏன் இங்கே சொன்னோம் என்பதற்கு வருகிறோம்.

எங்கள் வகுப்பிலும் ஒரு குழந்தை நடிகை இருந்தார். இரண்டாம் வகுப்பில் ‘சகுந்தலை’ நாடகத்தில் மான்குட்டியாக வந்தார். சகுந்தலை ஆச்சிரமத்தை விட்டுப் போகும்போது மான்குட்டி அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான் பழக்கியது. ஆனால் அன்று அந்தப் பிள்ளை உண்மையாகவே அழுதுவிட்டது. மண்டபம் முழுவதும் அழுதது. அடுத்த நாளிலிருந்து அவருக்குப் பெயர் மான்குட்டி. எங்கள் வகுப்புக்கு, ஆசிரியைகளுக்கு, சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கு, எல்லோருக்கும் மான்குட்டி. பரிசளிப்பு விழாவா, பெற்றார் தினமா, விருந்தாளி வருகிறாரா, ‘மான்குட்டியைக் கூப்பிடுங்கோ, ஒருக்கா அழுது காட்டட்டும்’ என்போம். ஐந்தாறு வருடங்கள் அந்தப் பிள்ளை அழுது காட்டியது.

மூன்று வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் ஒரு வீட்டுக் குசினியில் நாங்கள் ஒன்றுகூடினோம். பழைய பழக்கத்தில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம். அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

“எடியே, உயர்தரத்திலை இரசாயனவியலுக்கு நான்தான் வகுப்பிலை முதலாவதாய் வந்தனான். அது உங்களிலை ஒருத்திக்கும் ஞாபகமில்லை. நான் ஏழு வயதிலை அழுதது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம்.”

எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. அவர் சொன்னது உண்மை. நால்வரில் ஒருத்திக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். தமது பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டப் பெயரை இன்றோடு இந்த மேடையில் இறக்கி வைக்கிறோம். எங்களை மன்னித்துக்கொள், தோழி.

நாளை மாலை நூற்றாண்டுக் கலைவிழா. சின்னத் தங்கைகள் ஆடுவார்கள், பாடுவார்கள், நடிப்பார்கள். நாம் கைதட்டத்தான் வேண்டும், மனம் நிறையத் தட்டுவோம். அதோடு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, கைத்தொலைபேசியில் பிடிக்கிற படத்தைப் பிள்ளையின் பெற்றோரைக் கேட்காமல் உலகத்துக்கு அனுப்பாதீர்கள். நம்மைப் போன்ற பழைய மாணவிகள் ஐந்து கண்டங்களிலும் இருக்கிறோம். ஓர் இரவுக்குள் ஒரு பிள்ளையை ஊரறிந்த மான்குட்டி ஆக்கிவிட நம்மால் முடியும். 

இரண்டு, நன்றாகப் பாடிய பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பு அனுப்ப விரும்பினால், அதைப் பிள்ளையின் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அவள் வளர்ந்து வந்து தானே எடுக்கட்டும்.

மூன்று, மேடையை விட்டு இறங்கி வரும் பிள்ளையிடம் ‘இன்னொருக்கா செய்து காட்டு’ என்று கேட்காதீர்கள். ‘உனக்கு என்ன பாடம் பிடிக்கும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை நின்று கேளுங்கள். அந்தப் பதிலை ஞாபகம் வைத்திருங்கள்.

நூறு வருடங்களாக இந்தக் கல்லூரி நம்மை இடாப்பில் உள்ள முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது. நாமும் நமக்குப் பின் வருபவர்களை அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.