ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விடலாமா?

(பழைய பிரவுசரை மாற்றுவதா வேண்டாமா என்பது பற்றிக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நாங்கள் குழுக்களைப் பார்க்க வந்தபோது பல ஊர்களில் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "போன்ல நெட் பார்க்கிற பிரவுசர் ரொம்பப் பழசு. மாத்துங்கன்னு பிள்ளைங்க சொல்லுதுக. நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் போனில்தான் நம்ம வங்கிக் கணக்கு இருக்கு, நல வாரியப் பதிவு இருக்கு, பிள்ளைகளோட உதவித்தொகை விண்ணப்பம் இருக்கு. அதனால இன்னைக்கு இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பேசுவோம்.

பிரவுசர் என்றால் என்ன? தமிழில் உலாவி என்கிறார்கள். இணையத்தில் இருக்கிற பக்கங்களை நமக்குத் திறந்து காட்டுகிற கதவு அது. குரோம், ஃபயர்பாக்ஸ், ஓபரா மினி, யூசி பிரவுசர் எல்லாம் இந்த வகைதான். கதவு வழியாகத்தான் நாம வெளியே போறோம். அதே கதவு வழியாகத்தான் வெளியாளும் உள்ளே வர முடியும்.

பழைய பிரவுசரை நாம சும்மா வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு அப்போது காரணம் இருந்தது. பட்டன் போன் காலத்தில் தமிழில் ஒரு பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியில் ஓர் அமைப்பை மாற்றி வைத்தால் தமிழ் எழுத்து படமாக வந்து விழும். அப்படித்தான் நம்மில் பலர் முதன்முதலாகப் போனில் தமிழ் படித்தோம். அப்புறம் யூசி பிரவுசர் வந்தது. பக்கத்தைச் சுருக்கிக் கொடுத்ததால் டேட்டா மிச்சமானது. ரீசார்ஜ் காசை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் அது பெரிய உதவி.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை தலைகீழாக மாறிப்போனது. புதிய போன்களில் தமிழ் எழுத்தும் தானாகவே தெரிகிறது. எந்தக் காரணத்துக்காக அந்தப் பிரவுசரை வைத்திருந்தோமோ, அந்தக் காரணம் போய்விட்டது. பழக்கம் மட்டும்தான் மிச்சம்.

இடிதாங்கியை நினைத்துப் பாருங்கள்

"ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தணும்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாம பட்டாசு ஆலைப் பகுதியில் இருக்கிறோம், அதனால நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே பதில் சொல்கிறோம். மருந்து ஷெட்டுக்கு மேல் இடிதாங்கி இருக்கிறது. பூமிக்குள் போகிற கம்பி எங்கேயோ அறுந்து போனால் ஷெட் பார்க்க மாறிவிடுமா? மாறாது. வெயில் அடிக்கிற நாளெல்லாம் வேலையும் நடக்கும். மேகம் கூடி இடி இறங்குகிற அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும். அன்றைக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்?

பழைய பிரவுசரும் அப்படித்தான். மனுசன் எழுதிய எந்த மென்பொருளிலும் ஓட்டை இருக்கும். அதைக் கண்டுபிடித்து அடைத்து அனுப்புவதுதான் 'அப்டேட்'. இதில் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஓட்டையை அடைத்துவிட்டோம் என்று நிறுவனம் அறிவிக்கும்போது, அங்கே ஓட்டை இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அப்டேட் செய்தவர்கள் தப்பித்தார்கள். செய்யாதவர்கள் வீட்டு ஓட்டை மட்டும் திருடனுக்கு அடையாளம் தெரிந்த ஓட்டையாக நிற்கிறது. ஆகவே, 'நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை' என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

நான்கு கேள்விகள்

சரி, மாற்றுவதா வேண்டாமா என்று எப்படி முடிவு எடுப்பது? கடன் கொடுக்கும்போது நாம குழுவில் நாலு கேள்வி கேட்கிறோம் இல்லையா? இங்கேயும் அப்படியே கேட்போம்.

முதல் கேள்வி: இதைச் செய்தவர்கள் இன்னும் கவனிக்கிறார்களா? பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் விவரத்தைத் திறந்தால், கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பித்தார்கள் என்று போட்டிருக்கும். யூசி பிரவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். அது சீனாவின் அலிபாபா நிறுவனத்தைச் சேர்ந்தது. அதில் பாதுகாப்புக் குறை இருப்பதாக 2015-லும் 2019-லும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது யூசி பிரவுசரும் அதில் இருந்தது. நம் நாட்டு பிளே ஸ்டோரிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஆனால் நம்ம போனில் ஏற்கெனவே இருந்தது தானாகப் போய்விடவில்லை. இத்தனை வருஷமாக அடைக்காத ஓட்டையோடு கிடக்கிறது. இப்படிப்பட்டதை அப்டேட் செய்ய வழி தேட வேண்டாம். எடுத்துவிட்டு வேறு பிரவுசருக்குப் போவதுதான் சரி.

இரண்டாவது: நம்ம போன் புதியதை ஏற்றுக்கொள்ளுமா? 2025-இல் வந்த குரோம் 139 முதல், ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் குரோமின் புதிய பதிப்பு ஏறும். ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்கு 138-தான் கடைசி. உங்கள் போனின் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு எண் தெரியும். குரோம் ஏறாவிட்டால், நம்பிக்கையான வேறு பிரவுசர் அந்தப் போனுக்குக் கிடைக்கிறதா என்று பிளே ஸ்டோரில் பாருங்கள். நம்ம தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனம்கூட 2023-இல் 'உலா' என்ற பிரவுசரைக் கொண்டு வந்திருக்கிறது. எதுவுமே ஏறவில்லை என்றால் அந்தப் போனைப் பாட்டுக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொண்டு, பண வேலையை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது: அதில் என்ன வேலை செய்கிறோம்? கோலம் பார்க்கிறோம், சமையல் பார்க்கிறோம் என்றால் நாலு நாள் தாமதமானால் குடிமுழுகிவிடாது. வங்கி, ஆதார், வருங்கால வைப்பு நிதி என்று பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் போடுகிற வேலை என்றால் தாமதம் கூடாது.

நான்காவது: மாற்றினால் எது போய்விடும்? பலருக்கு உண்மையான பயம் இதுதான். பிரவுசரை எடுத்தால் அதில் சேமித்த பாஸ்வேர்டு, குறித்து வைத்த பக்கங்கள் போகும். இறக்கி வைத்த சான்றிதழும் போட்டோவும்கூடப் போகலாம். அதனால் முதலில் போட்டோ, சான்றிதழ்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். தேவையான பக்கங்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் குழுவின் தீர்மான நோட்டில் எழுதிவிடாதீர்கள், அது பத்துப் பேர் கை பார்க்கிற நோட்டு.

ஓர் ஊக்குநருக்கு நடந்தது

வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஊக்குநர் அக்கா. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் காலையில் போனை மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். பழைய பிரவுசரிலேயே வங்கிப் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தார்கள். கூலி வந்து விழுகிற கணக்கு அது. குழுத் தவணைக்கு வசூலான பணத்தையும் அவசரத்துக்கு அதிலேயே போட்டு வைத்திருந்தார்கள் (அது சரியில்லை, அதைத் தனியாகப் பேசுவோம்). ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "உங்கள் பிரவுசர் காலாவதி ஆகிவிட்டது, வங்கிக் கணக்கு முடக்கப்படும், இதை அமுக்கிப் புதுப்பிக்கவும்." கூடவே ஒரு ஏ.பி.கே. ஃபைல். மகள் அமுக்கவில்லை. "அம்மா வரட்டும்" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் அக்கா எங்களுக்குப் போன் போட்டார்கள். "அமுக்கவா, வேண்டாமா?"

நல்ல வேளை கேட்டார்கள். அப்டேட் செய்ய வேண்டியது உண்மைதான். ஆனால் அந்த வழி பொய். உண்மையான அப்டேட் பிளே ஸ்டோர் வழியாகத்தான் வரும். வாட்ஸ்அப்பிலோ, எஸ்.எம்.எஸ்.ஸிலோ, பக்கத்தின் நடுவில் குதிக்கிற சிவப்புப் பெட்டியிலோ வராது. அந்த ஃபைல் நம்ம ஓ.டி.பி.யைப் படித்து அடுத்தவனுக்கு அனுப்புகிற வேலையைச் செய்யக்கூடியது. அதை அழிக்கச் சொன்னோம். பிறகு பழைய பிரவுசரை எடுத்துவிட்டு, பிளே ஸ்டோரிலிருந்து புதியதை ஏற்றி, வங்கிப் பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். அரை மணி நேர வேலை. பன்னிரண்டு பெண்களின் தவணைப் பணம் தப்பித்தது. அந்தப் பிள்ளையைக் குழுக் கூட்டத்தில் கூப்பிட்டுக் கைதட்டினார்கள்.

தப்பித்தவறி யாராவது அமுக்கிப் பணம் போய்விட்டால், வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டர்

அலுவலகத்தில் இருக்கிறது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். 2011-இல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பும் சில வீடுகளில் இதே நிலையில் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கான திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. குரோமும் 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு அதை விட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸ் மட்டும் 115-ஆம் பதிப்புக்குக் கூடுதல் காலம் திருத்தம் கொடுத்தது. அதையே போட்டாலும், கதவு புதுசு, சுவர் பழசு என்ற கதைதான். அதனால் இங்கே பிரவுசரை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை.

நமக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அதில் நெட்டைத் துண்டித்துவிட்டு டைப் அடிக்கவும் கணக்கு எழுதவும் மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டு, லினக்ஸ் போடுவது. இது இலவசம். பழைய மெஷினிலும் ஓடக்கூடிய வகைகள் உண்டு. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். மூன்று, புதிய கம்ப்யூட்டர் வாங்குவது. பொறுப்பாளர்கள் செலவைக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும், அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிவெடுக்கலாம். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிப் பக்கத்தைத் திறக்க வேண்டாம்.

அவசரப்படவும் வேண்டாம்

எல்லாவற்றையும் இந்த நிமிஷமே செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று, பாதி நிரப்பிய நிலையில் பிரவுசரை மாற்றாதீர்கள். சார்ஜ் இல்லாதபோது, போனில் இடம் இல்லாதபோது ஆரம்பிக்காதீர்கள். 'இந்தப் பக்கம் பாதுகாப்பானது இல்லை' என்று வந்தால், முதலில் போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். தேதி தப்பாக இருந்தாலும் அப்படி வரும். தேதி சரியாக இருந்தும் அப்படி வந்தால், அந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டு போடாதீர்கள்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவர் போனிலும் எந்தப் பிரவுசர், எந்த ஆண்ட்ராய்டு என்று பாருங்கள். படித்த பிள்ளை ஒருத்தியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். போன் தெரியாத மூத்த உறுப்பினர்களின் போனை முதலில் பாருங்கள், ஏமாற்றுகிறவன் தேடுவது அவர்களைத்தான். பார்த்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். நாங்கள் வரும்போது சேர்ந்து பார்ப்போம்.

பத்து ரூபாய் பத்து ரூபாயாகச் சேர்த்த பணம் இது. பெட்டிக்குப் பூட்டு போட்டது போலப் போனுக்கும் பூட்டு போடுவோம்.