பள்ளிவாசலின் மூன்று படிகள்

 

 

பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அவரையே நபியவர்கள் ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லும் முஅத்தினாக ஆக்கினார்கள். தாம் வெளியூர் செல்கையில் மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். வீட்டிலேயே தொழ அவர் அனுமதி கேட்டபோது, பாங்கோசை கேட்குமானால் வந்துவிடுமாறு பணித்தார்கள்.

இந்த ஹதீஸை எங்கள் கிளியனூர் மஹல்லாவில் ஒருவரிடம் நானே எடுத்துச் சொன்னேன். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்தவர்; மூன்று சக்கர வண்டியில் செல்பவர். பல மாதங்களாக ஜும்ஆவில் அவரைக் காணவில்லை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாங்கு என் வீட்டுக்குள் வருகிறது ஹஜ்ரத், உங்கள் பள்ளிவாசல் படி மட்டும் இறங்கி வரவில்லையே" என்றார். ஓதிப் படித்த எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

பார்வை மங்கிய மற்றொரு தோழர் இத்பான் (ரலி). மழை பெய்தால் அவர் வீட்டிற்கும் அவர் கூட்டத்தாரின் பள்ளிவாசலுக்கும் இடையே ஓடையில் வெள்ளம் பெருகும். அவர் முறையிட்டதும், அபூபக்ர் (ரலி) அவர்களுடன் நபியவர்களே அவர் வீடு தேடிச் சென்று, அங்கே தொழுதுகாட்டினார்கள். ஓடை வெள்ளம் அல்லாஹ்வின் ஏற்பாடு. நமது மூன்று படிகளோ நாமே வசூல் செய்து கட்டியவை!

நோயாளிக்கும் இயலாதவருக்கும் ஜும்ஆவில் சலுகை உண்டு என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது அவருக்கு அளிக்கப்பட்ட சலுகை. அதைக் கட்டடக் குழுவினராகிய நாம் எடுத்துக்கொண்டோம்.

வெளியிலும் இதே கதைதான். 2021-இல் தமிழக அரசு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத் திறனாளிகளுக்கும் உடன் வருபவர் ஒருவருக்கும் இலவசப் பயணம் அளித்தது. கட்டணம் நீங்கியது, படியின் உயரம் நீங்கவில்லை. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகளுக்காக மாற்றுத் திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2024 ஆகஸ்டில்தான் சென்னை மாநகரில் அவை மீண்டும் ஓடத் தொடங்கின. திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் பேருந்து ஏறுபவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசைக் குறை கூறுவது எளிது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதில் பொதுமக்கள் வந்துபோகும் சமய வழிபாட்டுக் கட்டடங்களையும் சேர்த்தே சொல்கிறது. நம் பள்ளிவாசலும் அதில் அடங்கும். சட்டம் வருவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் (ஆட்சிக்காலம் 705 - 715) பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் நியமித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

சாய்தளம் என்றால் இரண்டு மூட்டை சிமெண்டைக் கொட்டிச் சரித்துவிடுவது அல்ல. ஓர் அங்குல உயரத்திற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். நம் மூன்று படிகளும் சேர்ந்து 18 அங்குலம் என்றால், சாய்தளம் 18 அடி நீள வேண்டும். அதற்குக் குறைந்தால் வண்டி பின்னோக்கி உருளும். கைப்பிடியும் தேவை. ஹவுளின் ஓரத்தில் அமர்ந்தபடி உளூ செய்யக் குழாய் ஒன்றும் தேவை.

சக்கரத்தில் அசுத்தம் இருக்குமே என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாசலில் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அல்லது உள்ளே மட்டும் பயன்படுத்த வேறொரு சக்கர நாற்காலியை வைக்கலாம். மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கிற்கு இடம் ஒதுக்கிய நாம், உயிரோடு இருப்பவரின் நாற்காலிக்கு ஒரு மூலையை ஒதுக்க முடியாதா?

முன்வாசலில் 18 அடி கிடைக்க வேண்டுமானால், நம் இருசக்கர வாகனங்களை நிறுத்தும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். முத்தவல்லி இசைந்துவிட்டார். ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் கொத்தனார் அளவெடுக்க வருகிறார். வரைந்த கோட்டின் மேல் வண்டியை ஏற்றிப் பார்த்துச் சொல்ல, அந்தச் சகோதரரையும் அழைத்திருக்கிறேன்.