எண்ணூர்ல போராட்டத்துக்கு ஏன் ஒருத்தர் வரணும்?

2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி. எண்ணூர் பெரியகுப்பத்துல, கோரமண்டல் உர ஆலைக்குக் கடல் வழியா வர்ற குழாயில அம்மோனியா கசிஞ்சது. மூச்சுத் திணறி ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. அப்புறம், ஆலையை மூடச் சொல்லி நாள்கணக்கா போராட்டத்துல உட்கார்ந்தாங்க.

இங்கதான் மன்கர் ஓல்சன் ஞாபகம் வருது. 1965-ல கூட்டுச் செயல்பாடு பத்திப் புத்தகம் எழுதின அமெரிக்கப் பொருளாதார அறிஞர். அவர் தர்க்கப்படி பாருங்க: ஆலையை மூடினா நல்ல காத்து எல்லாருக்கும்தான், போராட்டத்துக்கு வராதவருக்கும் சேர்த்து. ஆனா வந்தவருக்கு ஒரு நாள் மீன்பாடு போச்சு. அவர் ஒருத்தர் வரலைன்னா போராட்டம் ஒண்ணும் நின்னுடாது. அப்போ கணக்குப் போடுற ஆள் வீட்லதானே இருப்பாரு? சுயநலம்னு திட்டாதீங்க, நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்குக்கு எத்தனை பேர் போறோம்?

ஆனாலும் வந்தாங்க. கோபம், பயம் ரெண்டும் இருந்தது, சரி. அதுக்கு மேல, மீனவ கிராமங்கள்ல ஊர்ப் பஞ்சாயத்து இருக்குங்கிறது முக்கியம்னு நினைக்கிறேன். 'இன்னைக்கு யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது'ன்னு ஊர்க்கட்டுப்பாடு போட்டா, மீறுறவங்களுக்கு அபராதம். அதாவது வராம இருக்கிறதுக்கும் ஒரு விலை வந்துடுது. யார் படகு கரையில இல்லைன்னு பக்கத்து வீட்டுக்கே தெரியும், கண்காணிக்கத் தனிச் செலவும் கிடையாது.

சிக்கல், படகு இல்லாம சுத்துப்பட்டு ஆலைகள்ல கான்ட்ராக்ட் வேலைக்குப் போற வீடுகள்ல. அவங்களைத் தொழில் நிறுத்தம் கட்டுப்படுத்தாது. வந்தா போறது ஒரு நாள் மீன்பாடு இல்ல, வேலையே போகலாம். அந்த ராத்திரி மூச்சு முட்டினது அவங்க பிள்ளைங்களுக்கும்தான்.