விலைப் பட்டியலும் வெற்றிடமும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரை விட்டு நீங்கிய சிறிது தொலைவிலேயே அளுவிகாரை என்னும் பாறைக் கோயில் உள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகள் வாய்ப்பாடமாக ஓதிக் காத்து வந்த பௌத்த நூல்கள் அங்குதான் ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு. அந்நூல்களுக்குத் திரிபிடகம் என்று பெயர். பிடகம் என்பது கூடை. ஓதும் குரல் இடையறாத நீரோட்டம் போல் வரினும், இன்னது ஒழுக்க விதி, இன்னது உபதேசம், இன்னது தத்துவ விளக்கம் என ஒவ்வொன்றுக்கும் உரிய கூடை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது.

கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போதும் இத்தகைய வேலையே நடைபெறுகின்றது. அதை விளக்குவதற்கு அதே சாலையில் இன்னும் வடக்கே சென்றாற் போதும். தம்புள்ளையில் 1999ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பொருளாதார மத்திய நிலையம், நாட்டின் பெரிய மரக்கறி மொத்தச் சந்தைகளுள் ஒன்று. போஞ்சியும் கோவாவும் கரட்டும் லொறி லொறியாக வந்து இறங்கும் இடம் அது. அங்குள்ள விலைகளை ஒரு கணினி பட்டியலாக்கி அனுப்ப, இன்னொரு கணினி அதைப் பெற்றுச் சராசரி கண்டு, கலேவெலையிலோ நாவுலையிலோ உள்ள கமக்காரரின் கைத்தொலைபேசிக்குச் சேர்ப்பிக்கின்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

அத்தகைய பட்டியலை எழுதும் முறைகளுள் இன்று பெருவழக்காயிருப்பது ஜேசன். டக்ளஸ் குரொக்போர்ட் என்னும் அமெரிக்கர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு வடிவம் கொடுத்துப் பரப்பினார். சதுர அடைப்புக்குள் காற்புள்ளி இட்டு ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவது அணி எனப்படும். அணியின் ஒவ்வோர் உறுப்பும் பொருளின் பெயர், அதன் விலை என்பவற்றைத் தாங்கிய ஒரு சிறு கட்டாக இருக்கலாம். எழுத்துச் சரம், எண், உண்மை-பொய், வெறுமையைக் குறிக்கும் நல், கட்டு, அணி ஆகிய ஆறு வகைக்குள் ஜேசன் அடங்கிவிடும். ஓர் அணிக்குள் இவ்வாறும் கலந்து கிடப்பினும் அதன் இலக்கணம் தடை சொல்லாது.

பெறுகின்ற பக்கமோ அத்துணை இளக்கம் உடையதன்று. கோ, ரஸ்ட் முதலிய மொழிகளில் எழுதப்படும் நிரல், ஓடுவதற்கு முன்னரே கம்பைலரால் முழுவதும் பொறிமொழிக்கு மாற்றப்படுகின்றது. விலை என்னும் பெட்டியில் தசம எண்ணே இருக்கும், பெயர் என்னும் பெட்டியில் சரமே இருக்கும் என்று நிரலர் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அந்த அறிவிப்புக்கு மாறாக நிரலில் எழுதப்பட்டதைக் கம்பைலர் பிடித்துவிடும். ஆனால் தம்புள்ளையிலிருந்து வரும் பட்டியலை அது கண்டதே இல்லை. பட்டியல் வருவது கம்பைலர் தன் பணி முடித்துப் போன பிறகு. ஆகவே எழுத்தெழுத்தாக வாசித்துப் பாகுபடுத்தி உரிய பெட்டியில் இடும் அந்த நுழைவாயிலிலேதான் தவறுகள் புகுகின்றன.

எண்ணாலானவை எல்லாம் எண் அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மாத்தளைத் தொலைபேசிக் குறியீடு 066. ஜேசன் இலக்கணப்படி எண் ஒன்று இவ்வாறு பூச்சியத்துடன் தொடங்கலாகாது. எண்ணாக்கினால் 66 என்றுதான் நிற்கும், அழைப்பும் போகாது. அது சரமாகவே வர வேண்டியது.

இதனினும் கொடியது வெற்றிடம். பெரிய வெங்காயத்துக்கு நான்கு வியாபாரிகளிடமிருந்து விலை வர வேண்டும். மூவர் கிலோ 300, 320, 340 ரூபாய் என்று கொடுக்கின்றனர். நான்காமவரிடம் அன்று சரக்கு இல்லை. அவருடைய விலைக்கு நல் என்று வருகின்றது. விலையை வெறும் தசம எண் என்று அறிவித்திருந்தால், கோ மொழியின் பொது நூலகம் அந்த நல்லைக் கண்டு எதுவும் சொல்லாது. பெட்டியில் முன்பிருந்த பூச்சியம் அப்படியே கிடக்கும். உண்மைச் சராசரி 320 ரூபாய். கணினி சொல்லும் சராசரியோ 240. ஐந்நூறு கிலோ வைத்திருக்கும் கமக்காரர் அந்த எண்ணை நம்பி விலை பேசுவாரானால், அவருக்கு நட்டம் 40,000 ரூபாய். பிழைச் செய்தி ஒன்றும் எங்கும் தோன்றியிராது.

ரஸ்ட் மொழியில் செர்டி என்னும் நூலகம் இதைப் பொறுப்பதில்லை. எண் வர வேண்டிய இடத்தில் நல் வந்தது என்று அது மறுத்துவிடும். நேர்மையான மறுப்புத்தான், எனினும் ஓர் உறுப்பின் குறைக்காக அணி முழுவதுமே தள்ளப்படுகின்றது. அன்று கமக்காரருக்கு வெங்காய விலையும் இல்லை, போஞ்சி விலையும் இல்லை. கண்டிப்பு மட்டும் போதுமென்று கருதுவோர் இதையும் நினைத்துப் பார்த்தல் நன்று.

செய்யத்தக்கது யாதெனில், விலை இல்லாமலும் போகலாம் என்பதைப் பெட்டியின் வகையிலேயே எழுதிவிடுதல். ரஸ்டில் அதற்கு ஆப்ஷன் என்னும் வகை உண்டு. கோவில் சுட்டி ஒன்றை அறிவித்தால் அதுவே அப்பணியைச் செய்யும். அதன்பின் வெறுமை வேறு, பூச்சியம் வேறு என்று நிரலுக்குத் தெரியும். அணியையும் ஒரே மூச்சில் விழுங்காது, முதலில் உறுப்புறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பெட்டியில் இட முயன்று, பொருந்தாததைக் காரணத்துடன் ஒதுக்கி வைக்கலாம். 340 என்பதை ஒருவர் மேற்கோட்குறிக்குள் சரமாக அனுப்பியிருந்தால், அவ்வொரு வரி மட்டுமே ஒதுங்கும். ஏனையவை கணக்கில் சேரும்.

இவ்வளவு செய்தும் வகை என்னும் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. கிலோ 3 ரூபாய் என்று யாரேனும் தவறி எழுதினால் அதுவும் செம்மையான தசம எண்ணே. பெட்டி அதை ஏற்றுக்கொள்ளும். அது வெங்காய விலையாக இருக்க முடியுமா என்பதை, பாகுபடுத்தல் முடிந்த பிறகு, சந்தை அறிந்தவர் வகுத்த வரம்பைக் கொண்டே சோதித்தாக வேண்டும். கைத்தொலைபேசிக்குச் சராசரியை அனுப்பும்போது, அது எத்தனை வியாபாரிகளின் விலையிலிருந்து பெறப்பட்டது என்பதையும் கூடவே காட்டினால், 320 என்பது மூவரின் விலை என்று கமக்காரரும் அறிந்துகொள்வார்.