வாசலில் கழற்றி வைக்கும் ‘ங்க’



கொங்குத் தமிழின் மரியாதை ஊரறிந்தது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடமும் ‘ஏனுங்க, எங்க போறீங்க?’ என்றுதான் கேட்போம். கடைக்கு வருகிறவர், வழி கேட்கிறவர் எல்லாருக்கும் அந்த ‘ங்க’ உண்டு. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோமா?

சோமனூரில் விசைத்தறி, திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவையில் மில், பட்டறை. கணவருக்குப் பகல் ஷிப்ட், மனைவிக்கு இரவு ஷிப்ட் என உழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. களைப்பில் ஒரு வார்த்தை தடித்துவிடுகிறது. அதன்பின் பேச்சு நின்றுபோகிறது. நடுவில் நிற்பது பிள்ளை. ‘சோறு வெச்சாச்சுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு.’ ‘எனக்கு வேண்டாம்னு உங்கம்மாகிட்டச் சொல்லு.’ ஆறு வயதில் அது தூது போகிறது. சண்டை ஏன் வந்தது என்று அதற்குத் தெரியாது. தன்னால்தானோ என்று நினைத்துக்கொள்கிறது. வயிற்றுவலி என்கிறது. பாடத்தில் மனம் நிற்பதில்லை. நாமோ டியூஷனை மாற்றிப் பார்க்கிறோம்.

பெரியவர்களையும் இது விடுவதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு, 724 ஆண்களின் வாழ்க்கையை இளமை முதல் முதுமை வரை கவனித்தது. 50 வயதில் தம் உறவுகளில் மனநிறைவு கண்டவர்களே 80 வயதில் அதிக நலத்தோடு இருந்தார்கள். பணமும் புகழும் அந்த நலத்தைத் தரவில்லை.

லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் மரியாவும் யோசேப்பும் தவிக்கிறார்கள். மூன்றாம் நாள் கோவிலில் காண்கிறார்கள். ‘நீங்கள் பார்த்திருக்கக் கூடாதா?’ என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. தந்தையும் தானுமாகத் தேடினோம் என்றே அன்னை மகனிடம் சொல்கிறார். அந்த வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைதான் ஞானத்திலும் வளர்ந்தார் என்று நற்செய்தி சொல்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 13 அன்று, புதன் மறைக்கல்வியுரையில், குடும்பத்துக்கு மூன்று சொற்களைத் தந்தார்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. சமாதானம் ஆகாமல் ஒரு நாளையும் முடிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

சண்டையே வராத வீடு எங்கும் இல்லை. ஆனால் பிள்ளை முன்னால் சண்டை போடுகிற நாம், கதவைச் சாத்திக்கொண்டு சமாதானம் ஆகிறோம். பிள்ளை முதல் பாதியை மட்டுமே பார்க்கிறது. மறுபாதியையும் அது பார்க்கட்டும். ‘தப்பு என்னோடதுங்க, சாப்பிடலாம் வாங்க’ என்று அதன் காதுபடச் சொல்வோம்.

ஒன்றையும் மறக்க வேண்டாம். அடி உதை இருக்கும் வீட்டில், ‘பொறுத்துப் போ’ என்பது அன்பு ஆகாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. அழைப்பதில் வெட்கம் இல்லை.

இன்று இரவு, நம் வீட்டில் தூது போகும் பிள்ளைக்கு ஓய்வு கொடுப்போம். நேராக நாமே பேசுவோம். திருக்குடும்பத்தின் அமைதி நம் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.