செங்காடும் அதன் விதைகளும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்னிசை கேட்க வந்திருக்கும் உங்களை மரம் செடிகளைப் பற்றிய பேச்சால் சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அன்று சோவியத் நாட்டைச் சேர்ந்திருந்த உக்ரெய்னில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. கதிரியக்கத் தூசி மேற்கேயிருந்த பைன் காட்டின்மீது படிந்தது. பச்சை ஊசியிலைகள் செம்பழுப்பாயின. மரங்கள் நின்றபடியே மடிந்தன. 'செங்காடு' என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. அதே காட்டில் நின்ற பிர்ச் மரங்கள் பலவோ பிழைத்துக்கொண்டன. ஏன் இந்த ஓரவஞ்சனை?

விடை கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒருவாறு தெரிந்திருந்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தார் 1961இல் ஒரு காட்டின் நடுவே கதிர்வீசும் சீசியத்தை நிறுத்திப் பார்த்தனர். அங்கும் பைன் முதலில் வீழ்ந்தது. ஓக் அதைவிடத் தாங்கியது. கோரையினத்துச் சிறு புல்லொன்று இரண்டையும் வென்று நின்றது. ஆர்னால்டு ஸ்பாரோ என்னும் அறிஞர் காரணம் காட்டினார்: குரோமோசோம்கள் பருத்திருந்தால், கதிர் தாக்கும் இலக்கும் பெரிது. பைனின் குரோமோசோம்கள் மிகப் பருத்தவை.

மடிந்த மரங்களைச் சாய்த்துப் பள்ளங்களில் புதைத்துவிட்டனர். காடு மீண்டும் பசுத்தது. பசுமை திரும்பியதும் நோய் தீர்ந்தது என்போம், அது உண்மைதானா? பின்னர் முளைத்த பைன் கன்றுகளில் பல, ஓங்கி வளரும் நடுத்தண்டை இழந்து புதர்போல் கிளைத்தன. நலமாய்த் தோன்றிய மரங்களின் விதைகளை முளைக்கவிட்டு வேர்நுனியை உருப்பெருக்கியில் நோக்கினால், முறிந்த குரோமோசோம்கள் வழக்கத்தினும் மிகுதியாகத் தென்பட்டன.

இங்கே ஒரு வியப்பு. காட்டு மரத்தின் பரம்பரையைத் தொடர்வது அரிது என்பதால், மாசுற்ற அம்மண்ணில் கோதுமையைப் பத்து மாதம் வளர்த்துப் பார்த்தனர். அதன் வழித்தோன்றல்களில், ஆராய்ந்த மரபுப் பகுதிகளில், மாற்றம் ஆறு மடங்கு இருந்தது என 2000இல் அறிவித்தனர். பெற்ற கதிரின் அளவோ அத்தனை மாற்றத்திற்குப் போதாது! பைன் மரங்களிலோ, டிஎன்ஏவின் எழுத்துகள்மீது மெத்தில் எனப்படும் வேதிக்குறிகள் மிகுந்திருந்ததை 2003இல் கண்டனர். மரபுப்பொருள் நிலைகுலையாதிருக்க மரம் இட்டுக்கொண்ட காப்பாக அது இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. மரம் தன்னைத் தேற்றிக்கொண்டது என்று இதைக் கேட்டு மகிழ்வோர் உளர். நான் அவ்வளவு விரைந்து மகிழேன்.

அன்று விழுந்த சீசியத்தில் பாதி 2016 அளவில்தான் தீர்ந்தது. பைன் கன்று காய்க்கத் தொடங்கவே பத்துப் பதினைந்து ஆண்டு செல்லும். நம் கணக்கில் நெடுங்காலம். அக்காட்டின் கணக்கிலோ, விபத்துக்குப் பின் முளைத்த மரங்களின் பேரப்பிள்ளைகள் இப்போதுதான் தலையெடுக்கின்றன. அவற்றின் விதைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாடகர் காத்திருக்கிறார்.